எண்ணப்பட்டவர்கள் எண்ணத் தொடங்கியபோது

எங்கள் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் குரல் இருக்கிறது என்பார்கள். வாய் பேச முடியாத ஓர் இஸ்லாமியச் சிறுமி நாகநாதர் சன்னிதிக்கு அழைத்து வரப்பட்டாளாம். வாசுகித் தீர்த்தத்தில் நீராடி எழுந்தவள் 'நயினாரே' என்று முதல் சொல்லைச் சொன்னாளாம். அதனால்தான் ஊர் நயினார்கோவில் ஆயிற்று என்பது கதை. இன்றும் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் இரு சமயத்தாரும் இருப்பார்கள். இந்தக் கதையைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம்.

கல்லூரியில் தமிழ் கற்பிக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கதையில் சில இடங்கள் காலியாக இருப்பது கண்ணில் படுகிறது. நான் கேட்ட கதையில் அந்தச் சிறுமிக்குப் பெயர் இல்லை. அவளுக்கு ஏன் பேச்சு வரவில்லை என்று யாரும் விசாரிக்கவில்லை. குரல் வந்த பிறகு அவள் வேறு என்ன பேசினாள் என்பதும் தெரியாது. குணமானவளாக மட்டும் அவள் கதையில் நிற்கிறாள்.

நம் நாட்டுப் பொதுச் சுகாதாரத்தின் வரலாற்றிலும் பெண்கள் நீண்ட காலம் இப்படித்தான் நின்றார்கள். குணமானவர்கள், இறந்தவர்கள், ஊசி போடப்பட்டவர்கள், பதிவேட்டில் எண்ணப்பட்டவர்கள். கேள்வி கேட்டவர்களாக அவர்கள் வந்து சேர்ந்தது மிகவும் தாமதமாகத்தான். அந்த வருகையைப் பற்றியது இந்தக் கட்டுரை.

தமிழ்க்காரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சில ஆண்டுகளாக எங்கள் வட்டாரத்துப் பெண்கள் நர்சிங், விலங்கியல், சமூகப்பணி என்று படித்துவிட்டு எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார முதுகலைக்குப் போகிறார்கள். முடித்ததும் என்னிடம் வந்து, "மேம், இதுக்கப்புறம் பிஎச்.டி. பண்ண முடியுமா? டாக்டருக்குப் படிக்காதவங்களை எடுத்துக்குவாங்களா?" என்று கேட்கிறார்கள். முடியும், எடுத்துக்கொள்வார்கள் என்பது சுருக்கமான பதில். ஆனால் அந்தக் கதவு எப்படித் திறந்தது, யார் யார் தள்ளித் திறந்தார்கள் என்பது தெரியாமல் உள்ளே போகிறவள், தன்னை விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அதனால்தான் இந்த நீண்ட பதில்.

மண்டபத்தில் எண்ணப்பட்டவர்கள்

எங்கள் மாவட்டத்தில் நவீன பொதுச் சுகாதாரம் பெரிய அளவில் காலூன்றிய இடங்களில் ஒன்று மண்டபம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகள் இந்த வழியாகச் சென்றார்கள். மண்டபத்தில் இந்திய மண்ணில் ஒரு முகாமை நடத்தியது இலங்கை அரசு. காலராவும் அம்மையும் கடல் தாண்டி வந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். கங்காணிகள் சேர்த்துக் கொண்டுவந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். அம்மை குத்தினார்கள், காலரா ஊசி போட்டார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள், துணிமணிகளைக் கிருமிநீக்கம் செய்தார்கள். அதன் பிறகுதான் கப்பல்.

அந்த ஊசிகளால் உயிர்கள் பிழைத்திருக்கும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏற்பாடு யாருடைய கேள்விக்கு விடையாக இருந்தது என்று பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு நோயில்லாத உடம்பு வேண்டும் என்பது தோட்ட முதலாளியின் தேவை. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சினால் வேலைத்திறன் குறையும் என்பது அவர்களுடைய கணக்கு. கர்ப்பத்தோடு அந்த முகாமில் படுத்திருந்த ஒருத்திக்கு வேறு கேள்விகள் இருந்திருக்கும். போகிற இடத்தில் பிரசவம் யார் பார்ப்பார்கள்? கொழுந்து பறிக்கும் நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவளைக் கணக்கில் ஒரு தலையாக எழுதிக்கொண்டார்கள். அவள் கேள்வியை எழுதிக்கொள்ள அங்கே ஒரு பத்தி இல்லை.

கொக்கிப்புழுவைத் தொடர்ந்து போனால் பட்டப்படிப்பின் வரலாற்றுக்கே வந்துவிடலாம். 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை. அதே ஆண்டில், அதே அறக்கட்டளையின் பணத்தில்தான் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பள்ளி நிறுவப்பட்டது. நோயாளியைக் குணப்படுத்துவது வேறு, மக்கள் கூட்டத்தின் நலத்தைக் காப்பது வேறு, இரண்டாவதற்குத் தனிக் கல்வி வேண்டும் என்ற எண்ணத்தை உலகெங்கும் கொண்டு சென்றவற்றில் அந்தப் பள்ளி முக்கியமானது. 1932 டிசம்பரில் கல்கத்தாவில் திறக்கப்பட்ட அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்துக்கும் ராக்பெல்லர் பணம் உதவியது. மண்டபத்தில் வரிசையில் நின்று மருந்து குடித்த நம் பாட்டிகளின் குடலில் இருந்த புழுவும், இன்று நம் பிள்ளைகள் வாங்கும் பட்டமும் ஒரே வரலாற்றின் இரு முனைகள்.

அன்று அந்தக் கல்வி மருத்துவர்களுக்கு மட்டும். மருத்துவர்களில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சென்னை மாகாணம் 1939இலேயே பொதுச் சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் இயற்றியது, இந்தியாவில் அதுதான் முதலாவது. அந்தத் துறையில் ஊருக்கு ஊர் நடந்தவர்களில் பெண்கள் உண்டு. மருத்துவச்சிகளாக, செவிலியராக, சுகாதாரப் பார்வையாளராக நடந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த எண்களை மேலே இருந்த ஆண்கள் அறிக்கையாக எழுதினார்கள்.

ஒரு மருத்துவமனை, இரண்டு பெண்கள்

இதற்கு விதிவிலக்குகள் இருந்தன. சென்னை திருவல்லிக்கேணியில் இன்று அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அறியப்படும் இடத்தை எடுத்துக்கொள்வோம். அதைத் தொடங்கியவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞரின் மனைவியாகச் சென்னைக்கு வந்தவர். ஆண் மருத்துவரிடம் போக முடியாமல் பெண்கள் பிரசவத்தில் சாவதைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவம் படிக்க முடிவெடுத்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்ட முதல் 4 பெண்களில் ஒருவர். பிறகு லண்டன் போய்ப் படித்துத் திரும்பி, 1885இல் கோஷாப் பெண்களுக்கான அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். 1888இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டத்தைப் பெற்ற முதல் பெண் ஆனார். பக்கத்து வீட்டுப் பெண்களின் மரணம் ஒரு பெண்ணை ஒரு பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த மருத்துவப் பட்டம்வரை கொண்டுபோயிற்று என்று இதைச் சொல்லலாம்.

அதே மருத்துவமனையில் 1931இல் வந்து வேலை செய்தவர் லூசி வில்ஸ். இவருடைய கதையை நான் என் மாணவிகளுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. 1928இல், பிரசவகால மரணங்களைப் பற்றிய விசாரணைக்காக டாக்டர் மார்கரெட் பால்ஃபரின் அழைப்பில் பம்பாய்க்கு வந்தார் வில்ஸ். நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். கிருமியா, வேறு ஏதாவதா என்று தேடியவர் அவர்கள் தட்டில் இருந்த சாப்பாட்டைப் பார்த்தார். குன்னூரிலும் சென்னையிலும் வேலையைத் தொடர்ந்தார். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணமாக்குகிறது என்று 1931இல் எழுதினார். அதில் இருந்த பொருளுக்குப் பல காலம் 'வில்ஸ் காரணி' என்றே பெயர். பின்னாளில் அதை ஃபோலிக் அமிலம் என்று அடையாளம் கண்டார்கள்.

இன்று நயினார்கோவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா கர்ப்பிணிகளுக்கு எண்ணிக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் அந்த ஃபோலிக் அமிலம் இருக்கிறது. வில்ஸின் விசாரணைக்குப் பணம் தந்தது இந்திய ஆய்வு நிதிச் சங்கம். 1949இல் அதுதான் ஐ.சி.எம்.ஆர். ஆயிற்று. இன்று முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகைத் தேர்வு நடத்தும் அதே ஐ.சி.எம்.ஆர்.

மாத்திரை வந்துவிட்டது, சோகை போகவில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55. பாதிக்கு மேற்பட்ட பெண்களின் இரத்தம் ஏன் இன்னும் வெளுத்திருக்கிறது? வில்ஸ் தொடங்கிய கேள்வி முடிந்துவிடவில்லை. முனைவர் ஆய்வு என்பது பெரும்பாலும் இதுதான்: முடிந்துவிட்டதாக எல்லோரும் நம்பும் ஒரு கேள்வி முடியவில்லை என்று காட்டுவது.

முதுகலைக்குப் பின் கிராமத்துக்குப் போனவர்

எம்.பி.எச். படிப்பு ஒருவரை ஆய்வுக்கு எப்படிக் கொண்டுபோகும் என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் மராட்டியத்தின் ராணி பங். மகப்பேறு மருத்துவர். கணவர் அபய் பங்குடன் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1984இல் எம்.பி.எச். முடித்தார். திரும்பி வந்து இருவரும் கட்சிரோலி என்ற பின்தங்கிய மாவட்டத்துக்குப் போனார்கள். குடும்பக்கட்டுப்பாடு என்ற ஒரே கண்ணாடி வழியாகக் கிராமத்துப் பெண்ணின் உடம்பைத் திட்டக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளை பெறாத நேரத்தில் அந்த உடம்புக்கு என்ன ஆகிறது என்று ராணி பங் கேட்டார்.

2 கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு பெண்நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்கு முன் எப்போதாவது பெண்நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காடு மட்டும். 1989 ஜனவரியில் 'லான்செட்' இதழில் வந்த இந்தக் கட்டுரை உலகச் சுகாதாரக் கொள்கையாளர்களின் பேச்சையே மாற்றிய கட்டுரைகளில் ஒன்று. இத்தனை நோயோடு அந்தப் பெண்கள் களை எடுத்தார்கள், தண்ணீர் சுமந்தார்கள், யாரிடமும் சொல்லவில்லை. கேட்க ஆள் இல்லாததால் அது நோயாகவே எண்ணப்படவில்லை.

இங்கே முதுகலை என்ன செய்தது என்று கவனியுங்கள். மருத்துவப் படிப்பு ராணி பங்குக்கு ஒரு பெண்ணைப் பரிசோதிக்கக் கற்றுத் தந்திருந்தது. பொதுச் சுகாதாரப் படிப்பு, ஆஸ்பத்திரிக்கு வராத பெண்ணை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்று கற்றுத் தந்தது. மாதிரி எடுப்பது, ஒப்பிடுவது, விகிதம் காண்பது எல்லாம் அதற்கான கருவிகள். கேள்வி மட்டும் அவருடையது.

நம் பக்கத்துக்கு வந்தால், ஷீலா ஸர்ப்ரிக் என்ற கனடிய மருத்துவர். 1970களில் தென் தமிழகக் கிராமங்களில் மருத்துவச்சிகளோடு வேலை செய்தவர். அந்த அனுபவத்தில் பிறந்த 'ராக்குவின் கதை' 1984இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ராக்கு நிலமற்ற கூலித் தொழிலாளி. அவள் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் சாகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாததால் பிள்ளை செத்தது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கூலியை விட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வீட்டில் இருக்க முடியாத நிலையில் அவளை வைத்தது எது என்று அந்த நூல் கேட்கிறது. பல பொதுச் சுகாதார வகுப்புகளில் அது இன்றும் வாசிக்கப்படுகிறது. ஸர்ப்ரிக் அந்தக் கேள்வியை விடவில்லை. காலனிய இந்தியாவில் பசிக்கும் மலேரியாச் சாவுகளுக்கும் இருந்த உறவைப் பழைய ஆவணங்களில் தேடி 2019இல் ஒரு பெரிய வரலாற்று நூலை வெளியிட்டார். ஒரு களக் கேள்விக்கு ஆயுள் எவ்வளவு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கதவு திறந்தது

மருத்துவர் அல்லாதவர்களுக்கு இந்தத் துறையின் உயர்கல்வி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1970களில் உருவான சமூக மருத்துவ மையம் மருத்துவரையும் சமூகவியலாளரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தது. நோயைச் சாதியோடும் வர்க்கத்தோடும் பாலினத்தோடும் சேர்த்துப் படிக்கும் முனைவர் ஆய்வுகள் அங்கே வளர்ந்தன. 1997இல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் எம்.பி.எச். படிப்பைத் தொடங்கியது. மருத்துவர் அல்லாதவர்களுக்கும் அதில் இடம் இருந்தது, அதே மையத்தில் முனைவர் ஆய்வும் உண்டு. சென்னையில் 1999இல் உருவான ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001இல் களப்பயிற்சியோடு கூடிய முதுகலையைத் தொடங்கி, பின்னர் எம்.பி.எச்.சும் நடத்துகிறது. மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர், எஸ்.ஆர்.எம். என்று பட்டியல் நீண்டுவிட்டது.

அச்சுத மேனன் மையத்தில் பேராசிரியராக இருந்தவர்களில் டி.கே. சுந்தரி ரவீந்திரனின் பெயரை நம் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், மருத்துவர் அல்லர். 1981இல் செங்கல்பட்டுப் பக்கம் தலித் பெண்களோடு சேர்ந்து கிராமப்புறப் பெண்களுக்கான ஓர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ருவ்செக் என்று அதைச் சொல்வார்கள். அங்கே ஊர்ப் பெண்களே களப்பணியாளர்கள், ஊர்ப் பெண்களே ஆய்வாளர்கள். கருப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களின் அனுபவத்தை அவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். பிரசவமான சில நாட்களிலேயே பாரம் தூக்கும் வேலைக்குப் போனவள், வெட்கத்தால் பத்து வருஷம் வெளியே சொல்லாதவள், கட்டிலில் மறுக்க முடியாதவள் எல்லோரும் அதில் ஆய்வுப்பொருளாக இல்லாமல் சாட்சிகளாக வந்தார்கள்.

எண்ணுதல் என்ற நம் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, கணக்கிடுவதும் சிந்திப்பதும். முதுகலையில் முதல் பொருளைக் கற்கிறோம், முனைவர் ஆய்வில் இரண்டாவதையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று வகுப்பில் சொல்வேன். ருவ்செக் பெண்கள் பட்டம் வாங்காமலே இரண்டையும் செய்தார்கள். பட்டம் வாங்கப் போகிறவள் அவர்களுக்குக் கடன்பட்டவள்.

சாவைச் சொல்லும் மொழி

என் முனைவர் ஆய்வு இராமநாதபுர வட்டாரத்து ஒப்பாரி பற்றியது. சாவு வீடுகளிலும், சாவு முடிந்து பல மாதம் கழித்துத் திண்ணைகளிலும் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்தேன். உவமை, விளி, அடுக்கு என்று இலக்கிய நோக்கில்தான் குறிப்பெடுத்தேன். ஆனால் அந்தப் பெண்கள் பாட்டுக்கு நடுவே நோயைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காய்ச்சல் எத்தனை நாள் நின்றது, எந்த ஆஸ்பத்திரியில் இருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், கார் வாடகைக்கு எந்த நகையை அடகு வைத்தார்கள், கடைசியில் மூச்சு எப்படி இழுத்தது.

பொதுச் சுகாதாரத்தில் இதற்கு ஒரு முறையியல் பெயரே உண்டு என்று பின்னால்தான் அறிந்தேன்: வாய்மொழி மரண விசாரணை. மருத்துவச் சான்று இல்லாத சாவுகளில், இறந்தவரின் வீட்டாரிடம் கடைசி நாட்களின் அறிகுறிகளைக் கேட்டு எழுதி, அதிலிருந்து மரணக் காரணத்தைக் கணிப்பது. சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவலியலாளர் வேந்தன் கஜலட்சுமி இந்த முறையைத் தமிழ்நாட்டில் மிகப் பெரிய அளவில் செய்தவர். மருத்துவர் அல்லாத களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் 'லான்செட்'டில் எழுதிய கட்டுரை 43,000 ஆண்களின் மரணங்களை ஆராய்ந்தது. ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைபிடித்தல் காரணம் என்று அது காட்டியது. அந்த 43,000 வீடுகளில் எத்தனை வீடுகளில் மனைவியோ தாயோ பதில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அழுகை என்று நாம் ஒதுக்கிவைத்த பேச்சு அங்கே சான்றாக ஆகியிருக்கிறது.

பொதுச் சுகாதார ஆய்வுக்குப் போகும் பெண்ணுக்கு நான் தமிழாசிரியையாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் எழுதுவாய். உன்னிடம் பேசுகிறவள் தமிழில் பேசுவாள். 'அசதி', 'சூடு', 'வெள்ளைபடுது', 'அடிவயிறு இழுக்குது', 'தலைக்குத் தண்ணி ஊத்தல' என்பவை வினாத்தாளில் உள்ள ஆங்கிலச் சொற்களுக்குள் அப்படியே அடங்காது. தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்பது மாதவிலக்கு வரவில்லை என்ற செய்தி என்று தெரியாதவர் தவறான கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போவார். ஊர்ப் பெண்ணுக்கு இருக்கும் இந்தச் சொல்லறிவு ஆய்வுத் தகுதிதான். அதை எந்த நுழைவுத் தேர்வும் சோதிப்பதில்லை, ஆனால் களத்தில் அது இல்லாமல் ஒரு பக்கம்கூட நகராது.

முதுகலை எங்கே முனைவர் ஆய்வாகிறது

எம்.பி.எச். மாணவி படிப்பின் முடிவில் ஒரு சிறு ஆய்வேடு எழுதுவாள். உதாரணமாக, நயினார்கோவில் ஒன்றியத்தில் மிளகாய் பறிக்கும் பெண்களில் எத்தனை பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறது என்று பார்க்கலாம். எங்கள் பக்கம் குண்டு மிளகாய்க் காடுகளில் காலையில் இறங்கினால் வெயில் ஏறும்வரை ஒதுங்க மறைவு கிடையாது. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, 200 பேரிடம் கேட்டு, பரிசோதித்து, ஒரு விகிதம் கண்டுபிடித்தால் முதுகலை ஆய்வேடு முடிந்தது.

முனைவர் ஆய்வு அந்த விகிதத்திலிருந்து தொடங்குகிறது. தண்ணீர் குடிக்காமல் இருப்பது அவள் பழக்கமா, காட்டுக்காரர் கழிப்பிடம் தராததா, நிலத்தடி நீர் உப்பாகி நல்ல தண்ணீரைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குவதா? வெயில் கூடும் ஆண்டுகளில் சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது? சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் பெண்களோடு ஒப்பிட்டால் என்ன தெரியும்? ஒரு திட்டத்தை மாற்றிப் பார்த்தால் நிலை மாறுமா? இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை, மற்றவர்கள் சரிபார்க்கக்கூடிய விதத்தில் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகள்.

விதிகளையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் இருந்தால் முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி, வசதி வரம்புக்கு உட்பட்ட இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு தளர்வு. எம்.ஃபில். இப்போது இல்லை. யு.ஜி.சி. நெட் தேர்வில் சமூக மருத்துவத்துக்குத் தனிப் பாடம் இருக்கிறது. 2024 முதல் நெட் மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்துகிறார்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முதல் கட்டத்தில் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடங்கள், அவற்றில் ஆய்வு முறையியலும் ஆய்வு அறமும் கட்டாயம். இடத்தைப் போலவே நெறியாளரையும் விசாரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரிடம் படித்த பெண்கள் முடித்து வெளியே வந்தார்களா, எத்தனை ஆண்டில் வந்தார்கள் என்று முன்னால் போன அக்காக்களிடம் கேளுங்கள். இணையதளத்தில் அது இருக்காது.

பெண்களுக்கு இன்னொரு விதி முக்கியம். வழக்கமான ஆறு ஆண்டுகளுக்கும் மறுபதிவில் கிடைக்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, பெண் ஆய்வாளருக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தரலாம். ஆய்வுக் காலத்தில் 240 நாட்கள்வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. இந்தச் சலுகைகள் 2016 விதிமுறைகளில்தான் எழுத்தில் வந்தன. அதற்கு முன்பு நான் பதிவு செய்திருந்த இடத்தில் கைக்குழந்தையோடு கால நீட்டிப்புக் கேட்டுப் போனபோது, "ஆராய்ச்சிக்கு ஏதும்மா பிரசவ லீவு? முடியலைன்னா விட்டுடுங்க" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். அவர் கோபமாகச் சொல்லவில்லை, பரிவாகத்தான் சொன்னார். என்னோடு பதிவு செய்த மூன்று பெண்களில் இரண்டு பேர் அப்படியொரு பரிவான ஆலோசனைக்குப் பிறகு விட்டுவிட்டார்கள். அவர்கள் தொடங்கியிருந்த ஆய்வுகளை இன்றுவரை வேறு யாரும் செய்யவில்லை. ஒரு பெண் இடையில் நின்றால் ஒரு பட்டம் மட்டும் போவதில்லை, ஒரு கேள்வியும் போய்விடுகிறது.

எங்கள் மாவட்டத்துக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நாட்டின் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 2018இல் ஒன்றிய அரசு பட்டியலிட்டவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தவை இரண்டு, ஒன்று இராமநாதபுரம். அதனால் எங்களைப் பற்றிய எண்களுக்குப் பஞ்சமில்லை. மாதாமாதம் எடுக்கிறார்கள், தரவரிசை போடுகிறார்கள். எங்கள் பெண்கள் பதிவேட்டில் இருக்கிறார்கள், அதை நிரப்புகிறவர்களாகவும் இருக்கிறார்கள். கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இல்லாமல் அந்த எண்களில் ஒன்றுகூடக் கிடையாது. 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. இந்த எண் ஏன் இப்படி ஏறிற்று என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவர்களிடம் எண்ணைக் கேட்கிறோம், காரணத்தைக் கேட்பதில்லை.

போன ஆண்டு எம்.பி.எச். முடித்த ஒரு மாணவியின் அம்மா கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டு எழுதிய நோட்டுப் புத்தகங்களை அவர் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். பதிவேட்டில் எழுத இடமில்லாதவற்றை எழுதிய சொந்த நோட்டுகள். எந்த வீட்டில் மருமகளை ஊசிக்கு அனுப்ப மறுத்தார்கள், எந்தப் பெண் மாத்திரையை வாங்கி மாட்டுத் தொட்டியில் போட்டாள், ஏன் போட்டாள். "அம்மா எழுதின நோட்டை வச்சு பிஎச்.டி. பண்ண முடியுமா மேம்?" என்று கேட்டாள் அவள். அதில் உள்ளவர்களின் பெயரை மறைப்பது எப்படி, அனுமதி யாரிடம் பெறுவது, நெறிமுறைக் குழுவுக்கு என்ன எழுதுவது என்று ஒரு மாலை முழுக்கப் பேசினோம். அவளுடைய ஆய்வு முன்மொழிவின் தலைப்பு இதுவரை நான்கு முறை மாறிவிட்டது. டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்கும் வேலையை அம்மாவும் மகளும் தொடங்கியிருக்கிறார்கள்.